ஆஸ்பத்திரில என்ன கேட்கலாம், எப்படி கேட்கணும்: நோயாளி கூட போறவங்களுக்கு

எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி ஒரு தனியார் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர் முன்னாடி நின்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. மணி பதினொன்னே கால் இருக்கும். ஒரு சிஸ்டர் கிளிப் போர்டுல ஆறேழு பேப்பரைச் சொருகிக் கொண்டுவந்து "இங்க, அப்புறம் இங்க, இங்க"ன்னு பேனாவால புள்ளி வச்சுக் காட்டினாங்க, நானும் ஒண்ணைக்கூட படிக்காம வரிசையா கையெழுத்துப் போட்டுட்டேன். பிற்பாடு கேஸ் ஷீட், அதாவது சிகிச்சை விவரமெல்லாம் எழுதி வைக்கற ஆஸ்பத்திரி ஃபைல், அதோட ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தா, என் கையெழுத்து நீல மையில இருக்கு, அதுக்கு மேல என்ன ப்ரொசீஜர்ங்கிற இடத்துல கருப்பு மையில யாரோ எழுதியிருக்காங்க. அதாவது நான் கையெழுத்துப் போட்டப்ப அந்த இடம் காலி. அப்பா இப்ப நல்லா இருக்காரு, சிகிச்சையும் சரியாத்தான் நடந்திருக்கு, ஆனா அந்த ரெண்டு மை கலரைப் பார்த்ததுல இருந்து எனக்கு மனசு ஆறல. அதுக்கப்புறம் அத்தைக்கு, மாமனாருக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்குன்னு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்ப் போய் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். யாருக்காவது நாளைக்கே தேவைப்படலாம்.

முதல்ல இந்த உரிமையெல்லாம் எங்க இருந்து வருதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா "எந்த சட்டத்துல இருக்கு"ன்னு கவுண்டர்ல கேட்டா முழிக்கக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல நோயாளிகள் உரிமை சாசனம்னு ஒண்ணு தயார் பண்ணுச்சு, அதுல 17 உரிமை இருக்கு, மத்திய சுகாதாரத் துறை அதை வெளியிட்டு அப்புறம் மாநிலங்களுக்கும் நடைமுறைப்படுத்தச் சொல்லி எழுதுச்சு. அது தனியா ஒரு சட்டம் இல்ல, ஆனா அதுல இருக்கிற முக்கால்வாசி ஏற்கனவே வேற வேற சட்டத்துலயும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயும் இருக்கிறதுதான். டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகள், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997, இந்த மூணையும் மனசுல வச்சுக்கோங்க. பெரும்பாலான பேச்சு இந்த மூணுல ஒண்ணுக்குள்ள வந்துரும்.

அவசரம்னு ஓடிப் போறப்ப

"அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்"னு சொன்னா, அங்க நின்னு பணத்தைப் பத்திப் பேசாதீங்க. கேஷுவால்டில இருக்கிற டியூட்டி டாக்டர்கிட்ட நேரா போய் "முதல்ல உயிரைக் காப்பாத்தற சிகிச்சை பண்ணுங்க, பணத்துக்கு ஆள் ஏற்பாடு பண்றாங்க, இப்ப பார்க்க முடியாதுன்னா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க"ன்னு சொல்லுங்க. அரசு டாக்டரா இருந்தாலும் தனியார் டாக்டரா இருந்தாலும் அடிபட்டு வந்தவங்களை உடனே பார்க்கணும், போலீஸ் வரட்டும்னு காத்திருக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லிடுச்சு. 1996ல மேற்கு வங்காளத்துல இருந்து ஒரு கேஸ், ரயில்ல இருந்து விழுந்து தலையில அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை பெட் இல்ல, வசதி இல்லன்னு அரசு ஆஸ்பத்திரி அரசு ஆஸ்பத்திரியா அலைய விட்டு, கடைசில அவரு தனியார்ல கடன்பட்டு பார்க்க வேண்டியதாப் போச்சு. அவசர சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையை மீறினதுதான்னு சொல்லி, அரசு அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்கணும்னு கோர்ட் உத்தரவு போட்டுச்சு. பெட் இல்லன்னா அது சரி, ஆனா ரத்தத்தை நிறுத்தி, மூச்சு சரி பண்ணி, ஆம்புலன்ஸ்ல ஏத்தற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டுத்தான் அனுப்பணும். அப்படி அனுப்பறப்ப ரெஃபரல் லெட்டர் கண்டிப்பா வாங்குங்க, அதுல எத்தனை மணிக்கு வந்தாங்க, பிபி என்ன இருந்துச்சு, என்ன ஊசி போட்டாங்கன்னு இருக்கணும், அடுத்த ஆஸ்பத்திரில இதைத்தான் முதல்ல கேட்பாங்க.

ரோட்டுல ஆக்சிடென்ட்னா தமிழ்நாட்டுல "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. முதல் 48 மணி நேர சிகிச்சை திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரில இலவசம், ஆரம்பிச்சப்ப ஒரு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும்னு வச்சாங்க. காப்பீட்டு அட்டை வேணும்னு இல்ல, வெளி மாநிலத்துக்காரரா இருந்தாலும் நம்ம எல்லைக்குள்ள அடிபட்டா போதும். இது தெரியாம கையில இருந்த செயினைக் கழட்டி அடகு வச்சுக் கட்டினவங்களை எனக்குத் தெரியும். அடிபட்டவங்களைத் தூக்கிட்டுப் போறவங்களும் பயப்பட வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவி பண்றவங்களுக்குப் பாதுகாப்பு தருது, பேரு விலாசம் கொடுக்கணும்னு கட்டாயம் பண்ண முடியாது.

கன்சென்ட் ஃபார்ம்

கன்சென்ட் ஃபார்ம்ங்கறது சிகிச்சைக்குச் சம்மதம்னு கையெழுத்து வாங்கற தாள். இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க, நிஜமாவே ஒரு அஞ்சு நிமிஷம் போதும். உயிர் போற அவசரம்னா டாக்டரே கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டாரு, அதனால உங்களைப் படிக்க விடாம அவசரப்படுத்தறாங்கன்னா அது பெரும்பாலும் ஷிஃப்ட் மாறுற அவசரம்தான்.

ஃபார்ம்ல காலி இடம் இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. "சிஸ்டர், இதுல ஆபரேஷன் பேரு எழுதிக் கொடுத்துருங்க, போட்டுடறேன்"னு தன்மையா கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல இருந்தா தமிழ் ஃபார்ம் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா டாக்டரையே தமிழ்ல விளக்கச் சொல்லுங்க, புரியற பாஷையில சொல்லணும்ங்கிறது சாசனத்துலயே இருக்கு. டாக்டர்கிட்ட கேட்க வேண்டியது நாலு கேள்வி: இதை ஏன் பண்றீங்க, இதுல என்ன ஆபத்து, வேற வழி இருக்கா, பண்ணாம விட்டா என்ன ஆகும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொன்னப்ப மூணாவது கேள்வியைத்தான் கேட்டோம். "மாத்திரைல ஆறு மாசம் பார்க்கலாம், அதுவும் ஒரு வழிதான்"னு அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க. கேட்கலைன்னா சொல்லியிருப்பாங்களான்னு எனக்குத் தெரியல.

யாரு கையெழுத்துப் போடணும்ங்கிறதுல நம்ம ஊர்ல பெரிய குழப்பம் இருக்கு. பேஷண்ட் 18 வயசு முடிஞ்சவங்க, சுயநினைவோட தெளிவா இருக்காங்கன்னா அவங்க சம்மதம்தான் சம்மதம், புருஷனோ அம்மாவோ பிள்ளையோ அவங்களுக்குப் பதிலா போட முடியாது. 2008ல சுப்ரீம் கோர்ட் ஒரு டெல்லி கேஸ்ல தீர்ப்பு சொல்லுச்சு, என்ன பிரச்சனைன்னு லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்னத் துளை வழியா கேமரா விட்டு, பார்க்கறதுக்கு மட்டும்னு போன ஒரு பெண், மயக்க மருந்துல படுத்திருக்காங்க, டாக்டர் வெளிய வந்து அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டுப் போய் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்ப அந்தப் பெண் கண்ணு முழிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அம்மா சம்மதம் செல்லாது, டெஸ்டுக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லுச்சு. அதனால "தேவைப்பட்டா வேற எதுவும் செய்யலாம்"னு பொதுவா ஒரு வரி இருந்தா, அது எதுக்குன்னு கேட்டு, உயிர் காக்கற அவசரத்துக்கு மட்டும்னு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கருக்கலைப்புக்கும் இதே மாதிரிதான், வயசு வந்த பெண்ணோட சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கல. எச்.ஐ.வி. டெஸ்டுக்கும் 2017 சட்டப்படி பேஷண்ட்டுக்குச் சொல்லி சம்மதம் வாங்கணும், ரிசல்ட்டை வார்டே கேட்கற மாதிரி சொல்லக் கூடாது, கட்டில்ல எழுதி மாட்டவும் கூடாது.

ஆண் டாக்டர் பெண் பேஷண்ட்டைப் பரிசோதனை பண்றப்ப இன்னொரு பெண் கூட இருக்கணும்னு கேட்கறதும் உரிமைதான். வயசுப் பிள்ளைங்க இதைக் கேட்கத் தயங்கும், கூட போற அம்மாவோ அக்காவோ முன்னாடியே சொல்லிருங்க.

மருந்து, பில்லு

அட்மிஷன் அன்னைக்கே எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. வாயால "ஒண்ணரைல இருந்து ரெண்டு ஆகும்"னு சொன்னா போதாது, ஒரு தாள்ல ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன், மருந்து தோராயமா எவ்வளவுன்னு கேளுங்க. கட்டண விவரத்தைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எல்லாரும் பார்க்கற மாதிரி வைக்கணும்னு சாசனம் சொல்லுது. அப்புறம் தினமும் காலைல இன்டெரிம் பில், அதாவது அதுவரைக்குமான கணக்கு, கேளுங்க, கடைசி நாள்ல மொத்தமா பார்த்தா ஒண்ணும் புரியாது, நேத்தைய கணக்கை இன்னைக்குப் பார்த்தா எது தப்புன்னு கண்ணுல படும்.

மாமனார் அட்மிட் ஆனப்ப நான் ஒரு சின்ன நோட்டுல குறிச்சு வச்சேன், எத்தனை மணிக்கு என்ன ஊசி, எத்தனை பாட்டில் ட்ரிப்ஸ், யாரு வந்து பார்த்தாங்க. மூணாவது நாள் பில்லுல கையுறை மட்டும் நாப்பது ஜோடி போட்டிருந்துச்சு, ஒரு ஸ்பெஷலிஸ்ட் விசிட் ரெண்டு தடவைன்னு இருந்துச்சு, ஆனா அவரு வந்தது ஒரு தடவைதான். நோட்டைக் காட்டிக் கேட்டேன், சத்தம் போடல. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு ரெண்டையும் திருத்திக் கொடுத்தாங்க. பிரிக்காத மருந்தை வார்டுல இருந்து ஃபார்மசிக்கு ரிட்டர்ன் போட்டுட்டாங்களான்னும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி கேளுங்க, அதுலயே சில சமயம் ஆயிரக்கணக்குல கழியும்.

எங்க மருந்து வாங்கறதுங்கறது நம்ம விருப்பம், ஸ்கேனோ ரத்த டெஸ்டோ எந்த லேப்ல எடுக்கறதுங்கறதும் அப்படித்தான், லேப் தரமானதா இருந்தா போதும். சாசனத்துல இது தெளிவா இருக்கு. என் அபிப்ராயம் என்னன்னா ஐ.சி.யூ.ல இருக்கற ஆளுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் வெளிய ஓடறது வேண்டாம், ஃப்ரிட்ஜ்ல வைக்கற ஊசிக்குக் கண்டிப்பா வேண்டாம், ஆனா வீட்டுக்குப் போறப்ப எழுதற ஒரு மாச மாத்திரையை அங்கயேதான் வாங்கணும்னா ஒத்துக்காதீங்க, சீட்டை வாங்கிட்டு வந்துருங்க. சீட்டுல டாக்டர் பதிவு எண் இருக்கணும், மருந்தோட ஜெனரிக் பேரையும், அதாவது பிராண்ட் இல்லாத மருந்துப் பேரையும், எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

ரத்தக் குழாய் அடைப்புக்கு ஹார்ட்டுல ஸ்டென்ட் வச்சா ஒரு விஷயம் கட்டாயம் பாருங்க. 2017 பிப்ரவரில இருந்து ஸ்டென்ட்டுக்கு அரசு உச்ச விலை வச்சிருக்கு, ஆஸ்பத்திரி பில்லுல ஸ்டென்ட் விலையைத் தனியா, பிராண்ட் பேரு, கம்பெனி பேரு, பேட்ச் நம்பரோட காட்டணும். "ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜ்"னு ஒரே வரியில முடிச்சிருந்தா பிரிச்சுக் கேளுங்க. வழக்கமா ஸ்டென்ட் பாக்ஸ்ல இருக்கற ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, அதை போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அதே வருஷம் முழங்கால் மூட்டுக்கும் விலை வரம்பு வந்துச்சு.

கேஸ் ஷீட் வாங்கறது

எல்லாரும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிட்டு அதோட வந்துடறோம். அது சுருக்கம்தான். நிஜமா என்ன நடந்துச்சுங்கறது கேஸ் ஷீட்லதான் இருக்கும், டாக்டர் ரவுண்ட்ஸ் குறிப்பு, நர்ஸ் சார்ட், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து ரெக்கார்டு, கன்சென்ட் ஃபார்ம் எல்லாம். 2002 விதிகள் 1.3 என்ன சொல்லுதுன்னா, உள்நோயாளி ரெக்கார்டை சிகிச்சை ஆரம்பிச்ச தேதியில இருந்து மூணு வருஷம் வச்சிருக்கணும், பேஷண்டோ அவரு அதிகாரம் கொடுத்த ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்.

நாங்க வாயால கேட்டப்ப "அதெல்லாம் வெளிய தர மாட்டோம் சார், ஆஸ்பத்திரி சொத்து"ன்னு ஒருத்தரு, "எம்.டி. வரணும்"னு ஒருத்தரு, "போலீஸ் கேஸா"ன்னு இன்னொருத்தரு. அப்புறம்தான் வெள்ளைத் தாள்ல எழுதிக் கொண்டுபோனேன். இதுதான் வாசகம், அப்படியே எடுத்துக்கோங்க:

"மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் மருத்துவமனையில், இன்ன ஐ.பி. எண்ணில், உள்நோயாளியாக இருந்தேன். எனது முழு மருத்துவ ஆவணங்களின் நகல், அதாவது கேஸ் ஷீட், நர்சிங் குறிப்புகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவங்கள், எல்லாப் பரிசோதனை முடிவுகள், விவரமான பில் ஆகியவற்றை, இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் 2002, விதி 1.3.2ன்படி 72 மணி நேரத்திற்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயாராக உள்ளேன். என் சார்பில் என் மகன் பெற்றுக்கொள்ள அதிகாரம் அளிக்கிறேன்."

அப்பா கையெழுத்து, அடையாள அட்டை ஜெராக்ஸ், ரெண்டு காப்பி. ஒரு காப்பியில சீல் போட்டு தேதி நேரம் எழுதி வாங்குங்க, இதுதான் முக்கியம், சீல் இல்லன்னா நீங்க கேட்கவே இல்லைன்னுதான் அர்த்தம். சீல் போட மாட்டோம்னா ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு ஒப்புகையோட அனுப்புங்க, கூடவே ஆஸ்பத்திரி ஈமெயிலுக்கும் ஒண்ணு. எங்களுக்கு மூணாவது நாள் மத்தியானம் எம்.ஆர்.டி.ல இருந்து, அதாவது ரெக்கார்டு வைக்கற பிரிவுல இருந்து, போன் வந்துச்சு, பக்கத்துக்கு இவ்வளவுன்னு ஜெராக்ஸ் காசு கட்டிட்டு நூத்துப் பதினாலு பக்கம் வாங்கிட்டு வந்தேன். ஸ்கேன், எக்ஸ்ரே ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமோ சிடியோ சேர்த்து வாங்குங்க, ரெண்டாவது டாக்டர்கிட்ட போனா படத்தைத்தான் கேட்பாரு. ரெண்டாவது அபிப்ராயம் கேட்கறது தப்பே இல்ல, அட்மிட் ஆகி இருக்கறப்பவே கேட்கலாம், அதுக்கு அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு கொடுத்தாகணும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு

பில் பாக்கி இருக்குன்னு பேஷண்ட்டையோ, இறந்தவங்க உடலையோ பிடிச்சு வைக்க முடியாது. பாம்பே ஐகோர்ட்டும் டெல்லி ஐகோர்ட்டும் இதைக் கண்டிச்சிருக்கு, சாசனத்துலயும் தனி உரிமையாவே இருக்கு. பாக்கியை வசூல் பண்ண ஆஸ்பத்திரிக்கு சிவில் வழி இருக்கு, அது அவங்க பாடு. அப்படி நடந்தா 100க்கு போன் பண்ணுங்க, அதோட பில்லுல எதை ஒத்துக்கறீங்க எதை ஒத்துக்கலைன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து சீல் வாங்கிக்கோங்க.

இன்ஷூரன்ஸ் கேஷ்லெஸ்னா, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024ல போட்ட விதிப்படி ஆரம்ப அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜ் அனுமதி ஆஸ்பத்திரி கேட்டதுல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள வரணும். அதுக்கு மேல லேட்டாகி கூடுதல் ரூம் வாடகை வந்தா அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் ஏத்துக்கணும், நீங்க இல்ல. காலைல பத்து மணிக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லி ராத்திரி எட்டு மணி வரைக்கும் வராண்டால உட்கார வைக்கறாங்களே, அப்ப டி.பி.ஏ. டெஸ்க்ல, அதாவது ஆஸ்பத்திரில இன்ஷூரன்ஸ் வேலையைப் பார்க்கற இடத்துல, "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க"ன்னு கேட்டு நேரத்தைக் குறிச்சு வைங்க, கம்பெனிக்கும் போன் போடுங்க. புகார்னா ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உதவி எண் 155255, அவங்க பீமா பரோசா புகார் தளம், அதுக்கப்புறம் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பாளர்.

ஜி.எச்.ல

அரசு ஆஸ்பத்திரில பில் தொந்தரவு இல்ல, தொந்தரவு வேற. வீல் சேர் தள்ளறதுக்கு, ட்ரெஸ்ஸிங்குக்கு, குழந்தை பொறந்தா என்ன குழந்தைன்னு சொல்றதுக்குக் காசு கேட்கறது. பிரசவ வலியில இருக்கறவ வீட்டுக்காரங்ககிட்ட காசு கேட்கறதைப் பார்த்தா வயிறு எரியுது. கொடுக்க வேண்டாம். அந்த ஷிஃப்ட்ல இருந்தவங்க பேரு, வார்டு, நேரம் குறிச்சுக்கிட்டு ஆர்.எம்.ஓ., அதாவது ஆஸ்பத்திரியோட உறைவிட மருத்துவ அதிகாரி, அவரு ரூமுக்குப் போங்க, மெடிக்கல் காலேஜ்னா டீன் ஆபீஸ், எழுதிக் கொடுங்க. அப்பவும் நடக்கலைன்னா லஞ்ச ஒழிப்புத் துறை. ராத்திரி நேரத்துல யாரும் இல்லன்னா 104க்குப் போட்டு புகாரைப் பதிவு பண்ணுங்க, அது நம்ம மாநில சுகாதார உதவி எண். பிரசவ அறைக்குள்ள கூட ஒரு பெண் இருக்கறதுக்கு நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல அனுமதி உண்டு, முன்னாடியே சிஸ்டர்கிட்ட சொல்லி வைங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல தனியார் ஆஸ்பத்திரில சேர்ந்தீங்கன்னா, அந்தப் பேக்கேஜுக்குள்ள வர்ற எதுக்கும் தனியா பணம் கேட்கக் கூடாது. கேட்டா ரசீது கேளுங்க, ரசீது தர மாட்டாங்க, உடனே 1800 425 3993க்குப் போடுங்க, அங்கயே திட்டத்துக்குன்னு ஒரு வார்டு மேனேஜரோ லையசன் ஆபீசரோ இருப்பாங்க, அவங்களையும் கேளுங்க. அரசு ஆஸ்பத்திரி ரெக்கார்டு வரலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபாய் கட்டணம், உயிர் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரத்துல பதில் சொல்லணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு, மனுவோட முதல் வரியிலயே அதை எழுதிருங்க.

புகார் எங்க கொடுக்கறது

ஆஸ்பத்திரிக்குள்ளயே எழுதிக் கொடுத்து நாலஞ்சு நாள் டைம் கொடுங்க, நிறைய விஷயம் அங்கயே முடிஞ்சுரும். முடியலைன்னா, தனியார் ஆஸ்பத்திரி நடைமுறை பத்தின புகார் மாவட்டத்துல மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் ஆபீசுக்கு, ஜே.டி. ஆபீஸ்னு கேட்டா சொல்வாங்க, லைசென்ஸ் விஷயம் அவங்க கையில. டாக்டர் தனிப்பட்ட முறையில தப்பு பண்ணினாருன்னா சென்னை தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. அவங்க எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், ஆனா உங்களுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தர மாட்டாங்க, இது தெரியாம வருஷக் கணக்குல அங்கயே காத்திருக்கறவங்க உண்டு.

நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிட்டுப் பார்க்கற மருத்துவம் இந்தச் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, எல்லாருக்கும் முழு இலவசமா பார்க்கற ஆஸ்பத்திரி மட்டும் வராது. நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஆணையத்துல கட்டணமே இல்ல, 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், ஆஸ்பத்திரி சென்னைல இருந்தாலும் நீங்க தேனில குடியிருந்தா தேனிலயே போடலாம், வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல. சந்தேகம்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிக் கேளுங்க. ஆனா ஒண்ணு, சிகிச்சை பலிக்கலைங்கறது மட்டும் கவனக்குறைவு ஆகாது, வேற ஒரு டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்து "இது வழக்கமான முறை இல்ல"ன்னு சொல்ற அளவுக்கு இருக்கணும். முதல்ல தெரிஞ்ச ஒரு டாக்டர்கிட்ட ஃபைலைக் கொடுத்து மனசு திறந்து கேளுங்க, அவரு சரியாத்தான் பண்ணியிருக்காங்கன்னு சொன்னா அதையும் ஏத்துக்கற மனசோட போங்க.

என்ன கோபம் வந்தாலும் டியூட்டில இருக்கற டாக்டர் மேலயோ சிஸ்டர் மேலயோ கை வைக்காதீங்க, கண்ணாடியை உடைக்காதீங்க. தமிழ்நாட்டுல 2008ல வந்த சட்டப்படி மூணு வருஷத்துக்குக் குறையாத ஜெயில். முப்பத்தாறு மணி நேரம் தூங்காம நிக்கற ஹவுஸ் சர்ஜன் பிள்ளை கிட்டத்தான் நம்ம கோபம் போய் முட்டுது, முடிவெடுக்கற ஆளு மாடியில இருக்காரு.

நுகர்வோர் ஆணையத்துக்குக் காலக்கெடு ரெண்டு வருஷம், கேஸ் ஷீட்டுக்கு மூணு வருஷம். அதனால வீட்டுல யாராவது சமீபத்துல அட்மிட் ஆகி வந்திருந்தா, பிரச்சனை இருக்கோ இல்லையோ, இந்த வாரமே அந்த லெட்டரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து சீல் வாங்கிட்டு வாங்க. வர்ற ஜெராக்ஸைத் தேதி வரிசையா அடுக்கி, போன்ல ஸ்கேன் பண்ணி குடும்பத்துல ரெண்டு பேரு கிட்டயாவது இருக்கற மாதிரி வைங்க. எங்க அப்பாவோட நூத்துப் பதினாலு பக்கம் இப்ப தங்கச்சி போன்லயும் இருக்கு, போன மாசம் அவருக்குத் திரும்ப லேசா மூச்சு வாங்கினப்ப அவதான் கூட இருந்தா, ஆட்டோல போறப்பவே பழைய எக்கோ ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிட்டா.